அதிகாலை ஐந்தரைக் காபியும் கல்லாச் சண்டையும்

கும்பகோணத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்பேன். எட்டு மணிக்கு மேல் என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பித்தளை டபரா வைத்திருக்கிறவர் எல்லோரும் டிகிரி காபிக்காரர்தான். விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே இடம். காவிரிப் பாலத்திலிருந்து இறங்கி, வாழைத்தார் வண்டிகள் நிற்கிற சந்தில் திரும்பினால் ஓட்டுக் கட்டடம் ஒன்று வரும். பெயர்ப்பலகை கிடையாது. பால்காரர் நோட்டில் ‘பெரியவர் கடை’ என்று இருக்கும். உள்ளே ஆறு பெஞ்சு. சுவரில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கிய அணியின் படம், பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது. அதற்கு நேர் எதிரே ஒரு டிவி. அதில் ஐஸ் ஹாக்கி ஓடும்.

ஆமாம், ஐஸ் ஹாக்கிதான். பெரியவருக்கு மூன்று மகன்கள். கடைசிப் பையன் டொரோண்டோவில் வேலை பார்க்கிறான். அங்கே ராத்திரி 7 மணிக்குத் தொடங்குகிற ஆட்டம், அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதைப் பொறுத்து, நமக்கு விடிகாலை 4:30 அல்லது 5:30. பாய்லர் பற்ற வைக்கிற நேரம். பையன் ஏதோ ஏற்பாடு செய்து டிவியில் வரவழைத்துக் கொடுத்தான். முதல் தடவை வருகிற வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள், “என்னங்க, நேரா நிக்கவே மாட்டேங்கிறானுங்க” என்பார்கள். ஒரு மாசம் போனால் அவர்களே பவர் பிளே (எதிரணியில் ஒருவர் தண்டனைக்கு வெளியே உட்காருகிற நேரம்) என்றால் என்ன என்று அடுத்தவருக்குச் சொல்வார்கள்.

காபியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே வந்தீர்கள். மூன்றரை மணிக்கே முதல் டிகாக்ஷன் இறங்கிவிடும். பொடியில் நூறுக்கு இருபது சிக்கரி. பால் சுவாமிமலைப் பக்கத்திலிருந்து கேனில் வருகிற பசும்பால். பால்மானி வைத்துப் பார்த்து டிகிரி சொன்ன காலத்துப் பெயர்தான் டிகிரி காபி என்று இங்கே சொல்வார்கள். இந்தக் கடையில் அது வெறும் பெயரில்லை. பெரியவரின் கல்லா மேசை இழுப்பறையில், சில்லறைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், துணி சுற்றிய பால்மானி ஒன்று நிஜமாகவே இருக்கும். கேன் வந்ததும் தானே எழுந்து போய் முக்கிப் பார்ப்பார். காபி 20 ரூபாய். குடித்து முடித்த பிறகு அரை மணி நேரம் நாக்கில் நிற்கும்.

ஞாயிறும் புதனும் இட்லியோடு கடப்பா உண்டு. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயோடு சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்டது. நம் ஜில்லாவைத் தாண்டிப் போய்க் கடப்பா என்று கேட்டால் தரைக்குப் போடுகிற கல்லைக் காட்டுவார்கள். இங்கே மாஸ்டர் செய்கிற கடப்பாவில் தேங்காய் துருத்திக்கொண்டு நிற்காது, பருப்பும் கரைந்து காணாமல் போகாது. இரண்டு இட்லி, ஒரு கரண்டி கடப்பா, 40 ரூபாய். மறு கரண்டிக்குக் காசு கிடையாது.

இதெல்லாம் 2024 தை மாதம் வரைக்கும். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விமர்சனம் எழுதினால் அது பொய்க் கணக்கு.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் 31 வருஷம் இருந்தவன். ஒரு சங்கத்தில் தலைவருக்கும் செயலாளருக்கும் பேச்சு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எல்லாக் கையெழுத்தும் ஒரே மையில் இருந்தால் சமாதானம். ஆளுக்கொரு மை என்றால் யாரோ யார் வீட்டுக்கோ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த டிவி ஆட்டத்தில் எனக்கும் பெரியவருக்கும் கோலைவிட ஆபீஸ்தான் பிடித்துப் போயிற்று.

என்.எச்.எல். என்கிற அந்த வட அமெரிக்க லீக்கில் ஏற்பாடு இப்படி: யார் களத்தில் இறங்குவது என்பதைக் கோச் முடிவு செய்வார். யாரை வாங்குவது, யாரை விற்பது, கோச்சையே வைப்பதா தூக்குவதா என்பது ஜெனரல் மேனேஜர் கையில். அவருக்கு மேலே பிரசிடென்ட். எல்லோருக்கும் மேலே முதலாளி. குருக்கள், செயல் அலுவலர், அறங்காவலர் குழுத் தலைவர் என்று நம் கோயில்களில் இருக்கிற மாதிரிதான். யார் சொன்னால் நடை திறக்கும் என்பது சில ஊரில் சாமிக்கே தெரியாது.

பெரியவருக்குப் பிடித்த ஆள் டேல் டாலன். சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணிக்கு 2005-லிருந்து ஜெனரல் மேனேஜர். டேவ்ஸ், கேன் என்று பொடிப் பையன்களாகத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டினார். 2009 கோடையில் சில வீரர்களுக்கு அனுப்ப வேண்டிய ஒப்பந்தக் காகிதம் கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் நாற்காலி போயிற்று. உட்கார்ந்தவர் ஸ்டான் போமன். அவருடைய அப்பா ஸ்காட்டி போமன் அதே அணிக்கு ஆலோசகர். அடுத்த ஜூனில் சிகாகோ அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது, 1961-க்குப் பிறகு முதல் தடவை. “நாத்து விட்டவன் ஒருத்தன், போர் அடிச்சவன் ஒருத்தன்” என்று பெரியவர் அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அதே டாலன் அப்புறம் ஃப்ளோரிடா பாந்தர்ஸுக்குப் போனார். அங்கேயும் அதேதான். 2015-16 பருவத்தில் 103 புள்ளி, பிரிவில் முதலிடம். ஜெயித்த கையோடு 2016 மே மாதம் அவரைப் பிரசிடென்ட் ஆக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஜெனரல் மேனேஜர் வேலை டாம் ரோ என்பவருக்குப் போயிற்று. வீரர்களைப் புள்ளிவிவரத்தால் அளக்கிற கோஷ்டிக்குச் செல்வாக்கு வந்தது. நவம்பர் 27 அன்று கரோலினாவில் தோற்ற கையோடு கோச் ஜெரார்ட் கல்லன்டை வேலையை விட்டு அனுப்பினார்கள். மனிதர் மைதானத்துக்கு வெளியே டாக்ஸியில் பெட்டியை ஏற்றுகிற புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ரோவே கோச்சாகவும் உட்கார்ந்தார். அணி பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2017 ஏப்ரலில் டாலன் பழைய நாற்காலிக்குத் திரும்பினார்.

நம் கடைக்கு வருகிறேன். டொரோண்டோப் பையன் கடையைப் புதுப்பிக்கப் பணம் போட்டான். 2024 தை மாதம் தரைக்கு டைல்ஸ், புது பாய்லர், பில் போடுகிற மெஷின், சுவரில் கேமரா. பணத்தோடு யோசனையும் வந்தது. பெரியவரைக் கல்லாவிலிருந்து எழுப்பி, வாசல் பக்கம் ஃபேனுக்குக் கீழே ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். “அப்பா நிம்மதியா ஆட்டம் பார்க்கட்டும்.” கல்லாவில் இரண்டாவது மகன், கடையில் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர். மூத்தவர் சமையலறையோடு சரி, எந்தப் பக்கமும் பேச மாட்டார்.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே பெரியவர் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “சார், என்னைப் பிரசிடென்ட் ஆக்கிட்டானுங்க.”

பால்மானி கல்லா இழுப்பறையிலிருந்து காணாமல் போயிற்று. பால் பாக்கெட்டுக்கு மாறியது. சிக்கரி ஏறியது என்று என் நாக்கு சொன்னது. மூத்தவரிடம் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடப்பாவுக்குக் கசகசா விலை அதிகம் என்று முந்திரித் தூளைப் போடச் சொன்னார்கள். டொரோண்டோவிலிருந்து கேமரா வழியாக டபராவை எண்ணி, “இன்னிக்கு 212 காபி போயிருக்கு, பில்லு 198-தானே வந்திருக்கு?” என்று போன் வரும். மீதிப் பதினாலும் வழக்கமாக வருகிற பூக்காரம்மாவுக்கும் சாலை கூட்டுகிறவர்களுக்கும் பெரியவர் காலத்திலிருந்து போகிற காபி.

பெரியவர் ஒருநாள் போனை வாங்கிப் பேசினார். “தம்பி, நீ எந்த டீமுக்குடா கை தட்டுறே? மேப்பிள் லீஃப்ஸ்தானே? அவன் கடைசியா கோப்பை வாங்கினது 1967. அண்ணா முதலமைச்சரான வருஷம். நீ எனக்கு நிர்வாகம் சொல்றியா?” கடை முழுக்கச் சிரித்தது. சின்னவர் மட்டும் மெஷினில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

டொரோண்டோப் பையனைப் பார்த்தாலும் பாவம்தான். 2023-ல் அவனுடைய அணி 2004-க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சுற்றைத் தாண்டியது. அந்த சந்தோஷம் அடங்குவதற்குள் பிரசிடென்ட் ஷானஹனுக்கும் ஜெனரல் மேனேஜர் டூபஸுக்கும் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. மே 19 அன்று டூபஸ் வெளியே. ஜூன் 1 அன்று பிட்ஸ்பர்க் அவரைக் கூப்பிட்டு பிரசிடென்டாகவே உட்கார வைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஷானஹனுக்கும் ஒப்பந்தம் நீளவில்லை. ஒரு சண்டையில் இரண்டு பேரும் போய், கோப்பையும் வரவில்லை.

மாஸ்டர் போனது 2024 ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். கடப்பாச் சட்டியில் எத்தனை கரண்டி இருக்கிறது என்று சின்னவர் எல்லோர் முன்னாலும் எண்ணினார். மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்லாவைத் தாண்டி நேராக வாசலுக்கு வந்தார். பிரம்பு நாற்காலி முன்னால் நின்றார். “ஐயா, இன்னியோட சரிங்க.” அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பாட்ரிக் ராய். 1995 அக்டோபரில் மான்ட்ரியல் அணியின் பிரசிடென்ட் ரொனால்ட் கோரி, ஜெனரல் மேனேஜரையும் கோச்சையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, அனுபவமே இல்லாத இரண்டு பேரை அந்த இடங்களில் வைத்தார். டிசம்பர் 2 அன்று டெட்ராய்டிடம் 11-1. புதுக் கோச் ட்ரம்ப்ளே, கோல்கீப்பர் ராயை ஒன்பது கோல் வாங்குகிறவரை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது ராய் கோச்சைத் தாண்டிப் போய், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோரியிடம் குனிந்து, மான்ட்ரியலுக்கு இதுதான் தன் கடைசி ஆட்டம் என்று சொன்னார். நாலே நாளில் கொலராடோவுக்கு விற்றார்கள். அடுத்த கோடையில் கொலராடோ கோப்பை வாங்கியது. நம் மாஸ்டர் போன இடம் மூன்று தெரு தள்ளி. ஒரே மாதத்தில் அந்தக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை பைக் நிறுத்த இடமில்லை.

இந்தக் கடையில் அப்போது கடப்பா யார் செய்தார்கள்? வாரம் ஒருவர். ஒருவர் பதினோரு நாள் இருந்தார். நியூயார்க் ஐலண்டர்ஸ் நினைவுதான். 2006-ல் நீல் ஸ்மித் என்பவரை ஜெனரல் மேனேஜராக வைத்தார்கள். 1994-ல் ரேஞ்சர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், சாதாரண ஆளில்லை. ஒரு மண்டல விரதம்கூட முடிவதற்குள், சுமார் 40 நாளில், அனுப்பிவிட்டு அணியின் மாற்றுக் கோல்கீப்பர் கார்த் ஸ்னோவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார். அந்த செப்டம்பரிலேயே டிபியெட்ரோ என்ற கோல்கீப்பருக்கு 15 வருஷத்துக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம். 2013-ல் காசு கொடுத்து அதை முறித்துக்கொண்டார்கள். நம் கடையில் பாத்திரம் துலக்குகிற பையனை ஒரு புதன்கிழமை கடப்பா செய்ய விட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது மாதம் இப்படி ஓடியது. கணக்கு சரியாக இருந்தது, கூட்டம் இல்லை. கடைசியில் சின்னவரே மாஸ்டரைக் கூப்பிடலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: சாயங்கால வேலைக்கு மட்டும், பின்வாசல் வழியாக வரட்டும். போனவர் திரும்பி வந்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமாம்.

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “பல்லார்டு வேலை பண்ணாதேடா.”

அது 1979 கதை. டொரோண்டோ முதலாளி ஹெரால்ட் பல்லார்டு, கோச் ரோஜர் நீல்சனை வெளியே அனுப்பினார். வீரர்கள் கெஞ்சிக் கேட்டதால் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வா, யாரென்று கடைசியில் காட்டலாம் என்றார். நீல்சன் முடியாது என்றார். பை இல்லாமல்தான் வந்தார். நம் மாஸ்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு முன்வாசல் வழியாகத்தான் வந்தார். பெரியவர் அன்றைக்கே கல்லாவில் உட்கார்ந்தார். இழுப்பறையில் பால்மானி.

இப்போது காபி பழைய காபி. கடப்பா பழைய கடப்பா. அந்த விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், தஞ்சாவூரிலிருந்து முதல் பஸ் பிடித்துக்கூட வரலாம்.

ஆனால் பெரியவர் திரும்பி வந்த வாரத்தில் இன்னொன்றும் செய்தார். சின்னவர் காலத்தில் வந்தது என்கிற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் கழற்றினார். பில் மெஷின் பரணுக்குப் போயிற்று, போகட்டும். டோக்கன் முறை போயிற்று. இப்போது ஆறு மணிக்குக் கல்லாவைச் சுற்றிப் பத்துக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது, யார் முன்னால் வந்தார் என்று அவருக்கும் தெரியாது. டபராக்களை அலச சின்னவர் வைத்திருந்த சுடுதண்ணீர்த் தொட்டி, அந்தக் கடைக்கு நாற்பது வருஷத்தில் வந்த ஒரே உருப்படியான சாமான், அதன் குழாயையும் பிடுங்கிவிட்டார். மறுபடி பச்சைத் தண்ணீர் வாளிதான்.

இதை அவரிடம் சொன்னேன், டாலன் கதையை வைத்தே சொன்னேன். அவர் அந்தக் கதையை எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவார். 2017 ஜூனில் வேகாஸ் என்ற புது அணிக்கு ஒவ்வோர் அணியும் ஒரு வீரரை இழக்க வேண்டியிருந்தது. அப்போது டாலன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். டாம் ரோ காலத்தில் வாங்கிய மார்ஷெசோ அந்த வருஷம் 30 கோல் போட்டவர்; விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அணி கொடுக்கிற பாதுகாப்புப் பட்டியலில் அவர் இல்லை, வேகாஸ் எடுத்துக்கொண்டது. ரோ காலத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்ட ரைலி ஸ்மித்தையும், புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறபோது நாலாவது சுற்றில் ஒருவரை எடுக்கிற உரிமைக்கு வேகாஸுக்கே கொடுத்தார்கள். சம்பளச் சுமை என்று காரணம் இருக்கலாம். ஆனால் போட்டியாள் வாங்கின சாமான் என்றால் விலை தெரியாமல் போகிறது என்பது தணிக்கையில் நான் பார்த்த பழைய வியாதி. டாக்ஸியில் பெட்டி ஏற்றிய கல்லன்ட் அந்த வேகாஸுக்குக் கோச்சாகப் போய் முதல் வருஷமே அணியை இறுதிக்குக் கொண்டுபோனார்.

2023 ஜூன் 14 காலை ஐந்தரைக்கு இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். மேட்டூர் திறந்து இரண்டு நாள், தண்ணீர் இன்னும் கல்லணைக்கு வந்து சேரவில்லை. குறுவைக்கு உழவு முடித்தவர்கள் எல்லாம் கடையில். வேகாஸ் 9, ஃப்ளோரிடா 3. கோப்பை வேகாஸுக்கு. ஸ்மித் ஒரு கோல் போட்டார். பிளே ஆஃபின் சிறந்த வீரர் மார்ஷெசோ. கல்லன்ட்டை அதற்கு மூன்று வருஷம் முன்பே வேகாஸும் அனுப்பிவிட்டிருந்தது, அது வேறு. பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது காபி போடச் சொன்னார்.

ஃப்ளோரிடா 2024-லும் 2025-லும் கோப்பை வாங்கியதையும் சொன்னேன். டாலன் போய், 2020-ல் வந்த பில் ஸிட்டோ காலத்தில். “பார்கோவையும் எக்பிளாடையும் யார் எடுத்தது? டாலன்தானே” என்றார் பெரியவர். இரண்டு பேரும் அந்த அணியின் முக்கிய வீரர்கள், அதுவும் உண்மை. நாற்றங்கால், போரடி என்று மறுபடி ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

சுருக்கமாக விவரம்: தினமும் 4:30 முதல் 10 வரை, சாயங்காலம் 4 முதல் 8. அமாவாசை அன்று சாயங்காலம் இல்லை. கடப்பா ஞாயிறு, புதன்; ஏழு மணிக்கு மேல் வந்துவிட்டு மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். காபி 20 ரூபாயிலிருந்து 25 ஆகிவிட்டது, அதைச் சின்னவர் ஏற்றினார், பெரியவர் இறக்கவில்லை. சில்லறையோடு வரவும். உட்கார இடம் கிடைத்தால் டிவிக்கு முதுகு காட்டி உட்காருவது நல்லது, இல்லையென்றால் பெரியவர் உங்களை வம்புக்கு இழுப்பார்.

டபரா விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சின்னவர் இப்போது உள்ளே டிகாக்ஷன் பக்கம் நிற்கிறார். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், அடுப்பிலிருக்கிற வெந்நீரில் அலசி ஊற்றிக் கொடுப்பார். பெரியவர் பால் கேனைப் பார்க்கப் போகிற நேரமாகக் கேளுங்கள்.